கம்ப்யூட்டருக்குத் தனிப் பட்டா

வேங்கைவாசலில் ஒரு மனிதரின் அந்தஸ்தை அளப்பதற்கு முன்பெல்லாம் நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்பார்கள். நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு வாசலில் என்ன கார் நிற்கிறது என்று கேட்டார்கள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாக்கில் அதுவும் பழசாகி, "வூட்ல நெட்வொர்க் கீதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நெட்வொர்க் என்றால் என்ன என்று கேட்டவருக்கும் தெரியாது, பதில் சொன்னவருக்கும் தெரியாது. ஆனால் இல்லை என்று சொல்வது கௌரவக் குறைச்சல் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

ஆகவே கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரராக வந்து உட்கார்ந்த சிங்கப்பெருமாள் கோவில் பொன்னுரங்கம் அதே கேள்வியைக் கேட்டபோது, சிமெண்ட் வியாபாரி சம்பத் யோசிக்கவே இல்லை.

"எம் புள்ள ஹேமநாத் நியூஜெர்ஸில கீறான். லீவு கெடைக்கல. உங்க பொண்ணை கம்ப்யூட்டர்லயே பாத்துக்கிறேன்றான். உங்க வூட்ல அந்த வசதியெல்லாம்..." என்று பொன்னுரங்கம் இழுத்தார்.

"நெட்வொர்க்கே கீதுங்க! கீழ ஒரு சிஸ்டம், மேல ஒரு சிஸ்டம்" என்றார் சம்பத், அப்பளத்தை நொறுக்கியபடி.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கீழே ஒன்று இருந்தது, மேலே ஒன்று இருந்தது. நடுவில்தான் ஒன்றும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் பையனைப் பெற்றவர்கள் நேரில் வருவதென்றும், பையன் கம்ப்யூட்டரில் வருவதென்றும் பாயசம் வருவதற்குள் முடிவாகிவிட்டது.

நடுவில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம் உண்டு. மேலே குடியிருந்தவர் சம்பத்தின் தம்பி குமரவேல். அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகப்பிரிவினை நடந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. பிரித்துக் கொடுத்தவர் அவர்களுடைய தாய்மாமன் மாணிக்கவேல். சர்க்காரில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது சம்பளம் மட்டும்தான் ஓய்வு பெற்றிருந்தது. கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேல்தளம் தம்பிக்கு என்பதில் தகராறு இல்லை. மாடிப்படி யாருக்கு என்பதில் வந்தது வினை. மாமா சங்கிலி போட்டு அளந்து, கீழ்ப்பாதிப் படி சம்பத்துக்கும் மேல்பாதிப் படி குமரவேலுக்கும் பாத்தியப்பட்டது என்றும், நடுவில் படி திரும்புகிற சதுரமான இடம் புறம்போக்கு என்றும் தீர்ப்பளித்தார். அன்று முதல் அண்ணன் படியில் தம்பி கால் வைப்பதில்லை, தம்பி படியில் அண்ணன் கால் வைப்பதில்லை. குமரவேல் வெளிப்பக்கமாக ஓர் இரும்புச் சுழல் படி போட்டுக்கொண்டார். அதில் ஏறி இறங்கியே அவருக்கு இடுப்புப் பிடிப்பு வந்தது. வந்தாலும் மானம் பெரிதல்லவா?

இன்டர்நெட் கீழே சம்பத்தின் கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருந்தது. முகத்தைப் பிடிக்கிற கேமரா மேலே குமரவேலின் கம்ப்யூட்டர் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் ஒரு கம்பியால் கோத்தால்தான் ஹேமநாத் சம்பத்தின் மகள் ஜெயஸ்ரீயைப் பார்க்க முடியும்.

"புதுசா ஒரு கேமரா வாங்கினா இன்னா?" என்று கேட்டாள் சம்பத்தின் மனைவி சுபத்ரா.

"அப்போ நெட்வொர்க் இல்லேன்னு ஆயிடும். சபைல சொல்லிட்டேன்."

சொன்ன காரணம் இது. சொல்லாத காரணம் வேறு. ஜெயஸ்ரீயைத் தூக்கி வளர்த்தவன் குமரவேல். அவளுக்குக் காது குத்தியது அவன் மடியில் அல்ல, மாமன் மடியில்தான் என்றாலும், அழுதது அவன்தான். சித்தப்பன் இல்லாமல் அவளைப் பெண் பார்ப்பது சம்பத்துக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. கூப்பிடுவதற்கு வாய் வரவில்லை. கேமரா மேலே இருந்தால் பெண் மேலே போய் உட்கார வேண்டும், அப்போது அவன் அங்கே இருந்துதானே ஆக வேண்டும்? தம்பியைக் கூப்பிடாமலே கூப்பிடுவதற்கு ஒரு வழி இருக்கும்போது எதற்காகக் கடைக்குப் போய் அதைக் கெடுத்துக்கொள்வது?

தம்பியிடம் மேற்படி வேண்டுகோள் உரிய வழியாக, அதாவது மாணிக்கவேல் மாமா மூலமாக, அனுப்பப்பட்டது. பரிசீலனைக்குப் பிறகு தம்பியின் சம்மதமும் அதே வழியாக இறங்கி வந்தது.

மறுநாள் மேற்குத் தாம்பரத்திலிருந்து ஜெயவேலு வந்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ். அவன் கம்பெனியில் அவனும் ஒரு பைக்கும் வேலை செய்தார்கள். அவன் ஊதாக் கம்பியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்ததும் மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"கம்பி எந்த வழியா போகுது?"

"படி வழியாதான் சார். அதான் ஷார்ட்."

"நடுவுல புறம்போக்கு இருக்கு. அதுல தனியார் கம்பி போட்டா ஆக்கிரமிப்பு."

ஆகவே கம்பி சம்பத்தின் ஜன்னல் வழியாக வெளியே போய், முருங்கை மரத்தில் ஒரு சுற்று சுற்றி, குமரவேலின் பால்கனி வழியாக உள்ளே நுழைந்தது. அடுத்தபடியாக ஜெயவேலு கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து நம்பர் போட ஆரம்பித்தான்.

"அது என்ன நம்பர்?" என்றார் மாமா.

"ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு அட்ரஸ் சார். நாலு பார்ட். நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு, பூஜ்யம், ரெண்டு."

மாமாவின் முகத்தில் நெடுநாளாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஜில்லா, தாலுகா, கிராமம், சர்வே எண். நாலும் முறையா இருக்கு. கம்ப்யூட்டர்னா என்னமோன்னு நெனச்சேன். இது நம்ம டிபார்ட்மென்ட்தான்!"

"பேசிக்கா பாத்தீங்கன்னா சார், ரெண்டு சிஸ்டத்துக்கும் மொத மூணு நம்பர் ஒண்ணா இருக்கணும். கடைசி மட்டும் வேற வேற. மேல இருக்கறதுக்கு மூணு போட்டுடறேன்."

"அதாவது ஒரே கிராமம். ஒரே பட்டா."

மேல்பாதிப் படியிலிருந்து குமரவேலின் குரல் வந்தது. அண்ணனைப் பார்த்து வராமல், விட்டத்தைப் பார்த்து வந்தது.

"கூட்டுப் பட்டாவா? மாமா, இன்னா இது, பழைய குருடி கதவத் தொறடின்னு? பிரிச்சு வுட்டப்புறம் மறுபடியும் அவர் பட்டாவுல என்னைச் சேக்கறீங்களா? என் சிஸ்டத்துக்குத் தனிப் பட்டா போடுங்க!"

"நான் மட்டும் இன்னா, அவனைச் சேத்துக்கறேன்னு கெஞ்சிகினா நிக்கறேன்?" என்றார் சம்பத், சுவரைப் பார்த்து.

மாமா ஆலோசித்தார். ஒரு சொத்து பிரிந்துவிட்டால் உட்பிரிவு செய்வதுதான் முறை. கீழ்க் கம்ப்யூட்டருக்கு மூன்றாவது எண் பூஜ்யம் என்றும், மேல் கம்ப்யூட்டருக்கு ஒன்று என்றும் உத்தரவானது. ஜெயவேலு தலையைச் சொறிந்தான்.

"வேற கிராமம் ஆயிடும் சார். ஒண்ணை ஒண்ணு தெரியாது."

"ஏன் தெரியாது? மேடவாக்கத்துல நின்னா பள்ளிக்கரணை தெரியலையா?"

ஜெயவேலு கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தான். கஸ்டமர் சொன்னதைச் செய்ய வேண்டும் என்பது அவனுடைய கம்பெனியின் பாலிசி. அவன் போட்டுக் கொடுத்தான். சம்பத் மவுஸை அழுத்தினார். திரையில் ஒரு சின்ன டார்ச் லைட் படம் வந்து இப்படியும் அப்படியும் ஆடித் தேடியது. கடைசியில் யாரும் இல்லை என்று கையை விரித்தது. மேலேயும் அதே டார்ச் லைட், அதே பதில். ஒரே வீட்டில், ஒரே கம்பியின் இரண்டு முனையில் இருந்துகொண்டு, இரண்டு கம்ப்யூட்டர்களும் உலகத்தில் தனியாக இருப்பதாகவே நம்பின.

பிறகு நடந்தவை விசாரணைகள். ஜெயவேலு வைரஸ் என்று சொல்லி கீழ்க் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தான். அதில் ஜெயஸ்ரீ சேர்த்து வைத்திருந்த பொத்தேரி காலேஜ் படங்களெல்லாம் போயின. நியாயமாக இருக்க வேண்டுமே என்று மேல் கம்ப்யூட்டரையும் ஃபார்மேட் செய்தான். மாமா முருங்கை மரத்தை ஸ்தல ஆய்வு செய்து, மரம் பொதுவானதால் அது ஆட்சேபிக்கக்கூடும் என்று ஐயுற்றார். பிறகு இரண்டு திரைகளின் மேலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார். மேற்படி கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று காண்பதில் எவருக்கேனும் ஆட்சேபணை இருப்பின் பதினைந்து தினங்களுக்குள் தெரிவிக்கவும் என்று அதில் கண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அவ்வளவு நாள் இல்லை என்று சுபத்ரா சொன்னதால், அவசரம் கருதி அது ஒரே நாளாகக் குறைக்கப்பட்டது. இரண்டு கம்ப்யூட்டர்களும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்படியும் அவை பார்த்துக்கொள்ளவில்லை.

"யாராச்சும் ஒருத்தர் இன்னொருத்தர் கிராமத்துக்கு மாறணும் சார். வேற வழியே இல்ல" என்றான் ஜெயவேலு, சனிக்கிழமையன்று.

"தம்பிதான் மாறணும். சின்னவன்" என்றார் சம்பத்.

"பெரியவங்கதான் வுட்டுக் குடுக்கணும்" என்றது மேல்பாதிப் படி.

"விவகாரம் நிலுவையில் வைக்கப்படுகிறது" என்றார் மாமா, குடையை எடுத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேசரி வாசனை வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது. ஜெயஸ்ரீ தலை நிறைய மல்லிகைப் பூவோடு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். ஹேமநாத்தின் போட்டோவை அவள் ஒரு தடவைதான் பார்த்ததாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அந்தப் போட்டோவின் ஓரம் மடங்கிக் கசங்கிப்போயிருந்ததை சம்பத் கவனித்திருந்தார்.

"அப்பா, நீ மாத்திக்கினா இன்னாப்பா ஆயிடும்? வெறும் பூஜ்யம்தானே?"

"பூஜ்யமா இருந்தாலும் நம்ம பூஜ்யம்டீ."

அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் சம்பத் பிடிவாதமாகவே இருந்திருப்பார். அவள் போன பிறகு அவருக்கு உட்கார முடியவில்லை. ஒரு பூஜ்யத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற தகப்பனை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, முந்தின நாளிலிருந்து அணைந்து கிடந்த கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, ஜெயவேலுவுக்கு செல்லில் போன் போட்டார்.

"தம்பி, அந்த நம்பரை எப்டி மாத்தறது? மெதுவா சொல்லு. ஆருக்கும் தெரிய வாணாம்."

ஜெயவேலு சொல்லிக் கொடுத்தான். சம்பத் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்று போட்டார். கண்ணில் லேசாகத் தண்ணீர் வந்தது. தியாகம் செய்தவருக்கு வருகிற தண்ணீர் அது. மவுஸை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். டார்ச் லைட் தேடியது. யாரும் இல்லை என்றது.

மறுபடி அழுத்தினார். மறுபடியும் யாரும் இல்லை.

நான் இவ்வளவு இறங்கி வந்தும் அந்தப் படுபாவி மனசு இளகவில்லையே, வேண்டுமென்றே ஏதாவது செய்துவிட்டானோ என்று சம்பத்துக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தமக்குப் பாத்தியப்பட்ட படிகளில் ஏறினார். அதே நேரத்தில் மேலேயிருந்து குமரவேல் தமக்குப் பாத்தியப்பட்ட படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். இருவரும் புறம்போக்கில் மோதிக்கொண்டார்கள்.

"ஏன்டா, உனுக்கு ஈவு இரக்கமே கெடையாதா? பொண்ணு வாழ்க்கைடா! நான் என் பட்டாவை வுட்டு உன் பட்டாவுக்கு வந்துட்டேன். இன்னும் கதவைச் சாத்திகினு உக்காந்துகினு கீறியே!"

"யாரு, நானா?" என்று குமரவேல் கத்தினார். "நான் காலைலயே என் ஒண்ணை அழிச்சிட்டு உன் பூஜ்யத்துக்கு வந்துட்டேன்! எம் பொண்ணு மாதிரி அவ. மணிக்கணக்கா தேடிகினு கீறேன், நீதான் ஆப்புடல!"

அண்ணன் தம்பியின் பட்டாவிலும், தம்பி அண்ணனின் பட்டாவிலும் போய் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் தேடியிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் மெல்லப் புரிந்தது.

"ஏய் ஜெயவேலு!" என்று சம்பத் செல்லில் அலறினார். "அவனும் உன்னாண்ட போன் பண்ணானா?"

"பண்ணாரு சார், உங்களுக்கு முன்னாடி."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"ஒரு கஸ்டமர் விஷயத்தை இன்னொரு கஸ்டமர்கிட்ட சொல்லக் கூடாது சார். கம்பெனி பாலிசி."

குமரவேலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. "அண்ணா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! சம்பத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். சர்க்கார் புறம்போக்கில், யாருக்கும் பாத்தியமில்லாத அந்தச் சதுரத்தில், இரண்டு தொந்திகளும் இடித்துக்கொள்ள இருவரும் கட்டிக்கொண்டார்கள். சுபத்ரா கரண்டியோடு வந்து பார்த்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மாணிக்கவேல் மாமா அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். பின்னாலேயே ஜெயவேலுவும் பைக்கில் வந்து இறங்கினான்.

"இனிமே பிரிவினைப் பேச்சே வாணாம் மாமா. ரெண்டுத்துக்கும் ஒரே நம்பர் போடுங்க" என்றார் குமரவேல்.

"மொத மூணுதான் சார் ஒண்ணா இருக்கணும். கடைசி வேற" என்றான் ஜெயவேலு.

"கடைசில மட்டும் இன்னாடா பிரிவினை? அண்ணன் தம்பிக்குள்ள ஒரு நம்பர் கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. நாலும் ஒண்ணாவே போடு!" என்றார் சம்பத், தம்பியின் தோளை விடாமல்.

மாமா இரு தரப்பும் மனமொப்பிக் கேட்பதைப் பதிவு செய்துகொண்டு, நாலு எண்ணும் ஒன்றாகவே இருக்க உத்தரவிட்டார். ஜெயவேலு வானத்தைப் பார்த்தான். போட்டான். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரே சமயத்தில் டொங்கென்று ஒரு சத்தம் வந்து, மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் முளைத்தது.

"என்ன சொல்லுது?" என்றார் மாமா.

"இந்த அட்ரஸ்ல ஏற்கெனவே வேற ஆள் இருக்காங்களாம் சார்."

மாமாவின் முகம் இறுகியது. முப்பது வருஷ சர்வீஸில் அவர் மிகவும் வெறுத்தது இதைத்தான்.

"இரட்டைப் பதிவு!" என்றார். "ஒரே சொத்தை ரெண்டு பேருக்குப் பதிஞ்சிருக்கு. இது சிவில் இல்லே, கிரிமினல். முதல்லே பதிஞ்சவர் யாரு?"

"நான்தான்" என்றார் சம்பத்.

"எப்டி? பூஜ்யத்துக்குக் காலைலயே வந்து குந்தினவன் நானு" என்றார் குமரவேல்.

"அது என் பூஜ்யம்டா!"

"வுட்டுக் குடுத்துட்டுப் போனப்புறம் ஏதுண்ணா உன்னுது?"

குரல்கள் உயர்ந்து, தகராறு மறுபடியும் புறம்போக்குக்கே போய் நின்றது. அந்தச் சமயத்தில் போன் அடித்தது. சுபத்ரா எடுத்தாள். பொன்னுரங்கம் பேசினார். அரை மணி நேரமாக இதே தெருவில்தான் நிற்கிறார்களாம். பதினாலாம் நம்பர் வீட்டைத் தேடுகிறார்களாம். பழைய எண் பதினாலு, புதிய எண் பதினாலு, பிரிவினையில் மாமா வாங்கிக் கொடுத்த பதினாலு ஏ என்று தெருவில் மூன்று பதினாலு இருக்கிறதாம். ஒரு பதினாலில் தவறுதலாகப் போய் காபி கூடக் குடித்துவிட்டார்களாம், அங்கே பெண்ணே இல்லையாம்.

புறம்போக்கில் நின்ற ஆண்கள் யார் காதிலும் இது விழவில்லை. ஜெயஸ்ரீ பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் புகுந்து, மாடிக்கு ஓடினாள். கேமராவைக் கம்பியோடு பிடுங்கினாள். அதே வழியாகத் திரும்பி இறங்கி, கீழ்க் கம்ப்யூட்டரில் அதைச் செருகினாள். மாடியிலிருந்த கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்திருந்ததால் மஞ்சள் கட்டமும் போய்விட்டது. அப்புறம் வாசலுக்குப் போய், தெருமுனையில் திகைத்து நின்ற தன் வருங்கால மாமனார் மாமியாரைத் தானே கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஹேமநாத் திரையில் வந்தான். ஜெயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். "படம் கிளியரா வருது. சூப்பர் நெட்வொர்க் அங்கிள்" என்றான் அவன். சம்பத் பெருமையோடு ஜன்னல் வழியாகப் போகும் ஊதாக் கம்பியைக் காட்டினார். குமரவேல் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, எண் தகராறைத் தள்ளி வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. தட்டு மாற்ற நாள் பார்ப்பதென்று ஆயிற்று.

எல்லாம் பேசி முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டபின், பொன்னுரங்கம் மாணிக்கவேல் மாமாவைத் தனியாகத் தூண் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"உங்களாண்ட ஒரு உதவி சார். எங்க வூட்லயும் நானும் என் தம்பியும் ஒண்ணாதான் கீறோம். நெட்வொர்க் போட்டு வருஷமாச்சு. ஜோரா வேலை செய்யுது. அவன் சிஸ்டத்துல இன்னா கீதுன்னு எனுக்குத் தெரியுது, என் சிஸ்டத்துல இன்னா கீதுன்னு அவனுக்குத் தெரியுது. அதுலேர்ந்து வூட்ல ஒரு நாள் நிம்மதி இல்ல, ஒரே பேஜார். இங்க ஏதோ தனிப் பட்டா போட்டு, ஒண்ணை ஒண்ணு பாக்காம பண்ணீங்களாமே? இந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் புள்ளாண்டான் சொன்னான். எங்களுக்கும் அப்டி ஒண்ணு பண்ணிக் குடுத்துட்டா புண்ணியமாப் போவும்."

மாணிக்கவேல் மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். உலகம் தம்மைப் புரிந்துகொள்ளும் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

"செய்யலாம்" என்றார், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "முதல்லே உங்க வீட்டு மாடிப்படியைப் பாக்கணும்."